மலைப்பக்கம் ஓடிய ஓடை

ஸ்காட்லாந்து என்றொரு குளிர் நாடு உண்டு, குழந்தைகளே. அங்கே ஒரு மலையடிவாரத்தில், காடு முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில், இரண்டு செம்மறி மந்தைகள் மேய்ந்துவந்தன. ஆற்றங்கரைப் புல்வெளி சிவப்புப் பொட்டு மந்தைக்கு. மலைச்சரிவு நீலப் பொட்டு மந்தைக்கு. மேய்ப்பர்கள் ஆடுகளின் முதுகில் வைத்த சாயப் பொட்டுதான் அடையாளம்.

இரண்டு மேய்ச்சலுக்கும் நடுவே வேலி கிடையாது, சுவர் கிடையாது. மலையின் கரிய மண்ணில் ஊறித் தேநீர் நிறத்தில் இறங்கி, ஆற்றில் விழும் ஓர் ஓடைதான் எல்லை. குட்டி ஒன்று தெரியாமல் அந்த ஓடையில் கால் வைத்தால், தாய் ஓடிவந்து ஒரு முட்டு முட்டும். "அந்தப் பக்கம் அவர்கள் புல்! தாண்டாதே!"

தாய் குட்டிக்குச் சொல்லி, அந்தக் குட்டி வளர்ந்து தன் குட்டிக்குச் சொல்லி, ஓடையைத் தாண்டிய ஆடு என்று அந்த மலையில் ஒன்றுகூட இல்லை.

சிவப்புப் பொட்டு மந்தைக்குச் சுருள்கொம்பன் என்ற கிடா தலைவன். அதன் கொம்பு இரண்டு சுற்று, பிடிவாதம் மூன்று சுற்று. அதே மந்தையில் கருமூக்கி என்ற பெண்ணாடும் இருந்தது. மற்றவை குனிந்த தலை நிமிராமல் மேயும்போது, கருமூக்கி மட்டும் அவ்வப்போது தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்க்கும். ஆட்டுக் குலத்தில் இது பெரிய கெட்ட பழக்கம்! அந்த வசந்தத்தில் அது இரட்டைக் குட்டிகள் ஈன்றிருந்தது.

இலையுதிர் காலம் வந்தது, கூடவே மழையும் வந்தது. அந்த நாட்டில் மழை ஒன்றும் அதிசயம் இல்லை. அதனால் முதல் நாள் யாரும் கவலைப்படவில்லை. இரண்டாம் நாளும் விடவில்லை, மூன்றாம் நாளும் விடவில்லை. நான்காம் நாள் காலையில் ஆறு கரையை மீறிப் புல்வெளிக்குள் புகுந்தது.

ஆடுகள் பின்வாங்கிப் பின்வாங்கி, கடைசியில் ஓடைக்கரையில் இருந்த ஒரு சிறு மேட்டில் ஏறி நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அப்போது ஒரு நாரை பறந்து வந்து இறங்கியது.

"சேதி தெரியுமா?" என்றது நாரை. "ஊரில் தெருவெல்லாம் தண்ணீர். வாசலுக்கு வாசல் மணல் மூட்டை அடுக்குகிறார்கள். ஆற்றுப் பாலம் போயே போய்விட்டது. உங்கள் மேய்ப்பர் அக்கரையில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருக்கிறார்."

"தண்ணீர் இன்னும் ஏறுமா?" என்று கேட்டது கருமூக்கி.

"மலையுச்சி இன்னும் கறுத்துத்தான் கிடக்கிறது. மதியத்துக்குள் இந்த மேடு இருக்காது" என்று சொல்லிவிட்டு நாரை பறந்துபோனது. ஊர்க்கதை பேச வந்த பறவை அது, உதவிக்கு வந்ததல்ல.

கருமூக்கி தலைவனிடம் ஓடியது. "தலைவரே, மந்தையை மலைச்சரிவுக்கு ஓட்டுங்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் பிழைத்துக்கொள்ளலாம்."

"ஓடையைத் தாண்டுவதா!" என்று சீறியது சுருள்கொம்பன். "என் அப்பன் தாண்டியதில்லை. அவனுடைய அப்பனும் தாண்டியதில்லை."

"அவர்கள் காலத்தில் இந்த மேடு மூழ்கியதில்லையே!"

"மூழ்கினால் நம் மண்ணிலேயே மூழ்குவோம். அடுத்தவன் புல்லில் கால் வைத்தவன் என்ற கெட்ட பெயர் எனக்கு வேண்டாம்."

"மே! வேண்டாம், வேண்டாம்!" என்று மந்தை முழுவதும் பின்பாட்டுப் பாடியது.

சரி, பிள்ளைகளையாவது காப்பாற்றுவோம் என்று கருமூக்கி தன் குட்டிகளைத் தண்ணீரை நோக்கித் தள்ளியது. அவை துள்ளிப் பின்வாங்கி மந்தைக்குள் நுழைந்துகொண்டன.

"அம்மா, தாண்டக் கூடாது என்று நீதானே எங்களை முட்டினாய்?" என்றது ஒரு குட்டி.

"ஐயோ, நான் சொல்லிக்கொடுத்ததே என் பிள்ளைகளுக்கு எமனாக வந்து நிற்கிறதே!" என்று கருமூக்கி வாய்விட்டு அழுதது.

மேட்டின் ஓரத்தில் நின்ற ஆடுகளின் குளம்பு நனைந்தது. பிறகு கணுக்கால் நனைந்தது. எல்லா ஆடுகளும் கண்ணை மூடிக்கொண்டன. கருமூக்கியால் மூட முடியவில்லை. வழக்கம்போலத் தலையைத் தூக்கிப் பார்த்தது.

ஓடையில் ஒரு மஞ்சள் இலை மிதந்து போனது. ஆற்றை நோக்கிப் போக வேண்டிய இலை, மலையை நோக்கிப் போனது. பின்னாலேயே இன்னொரு இலையும் அதே பக்கம் போனது. ஆறு பெருகி, ஓடை வாய்க்குள் புகுந்து, ஓடைத் தண்ணீரை வந்த வழியே பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. கருமூக்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தது. நாக்கில் சேறு நறநறத்தது.

உடனே அதற்கு ஒரு யோசனை பிறந்தது. நேரே தலைவன் முன் போய் நின்றது.

"தலைவரே, ஒரு சந்தேகம்."

"மறுபடியும் ஓடையைத் தாண்டலாமா என்று கேட்டால் முட்டிவிடுவேன்!"

"சேச்சே! ஓடையைத் தாண்டவே கூடாது. அது சரி, ஓடை எந்தப் பக்கம் ஓடும்?"

"இதென்ன கேள்வி? மலையிலிருந்து ஆற்றுக்கு ஓடும்."

"அந்த இலை எந்தப் பக்கம் போகிறது, பாருங்கள்."

சுருள்கொம்பன் பார்த்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தது. "மலைப்பக்கம் போகிறதே!"

"நம் ஓடைத் தண்ணீர் என்ன நிறம்?"

"நல்ல தேநீர் நிறம்."

"இந்தத் தண்ணீர்?"

"சேற்று நிறம்... ஆற்றுத் தண்ணீர் மாதிரி இருக்கிறது."

"அப்படியானால் இது ஓடையா, ஆறா?"

சுருள்கொம்பன் நெடுநேரம் யோசித்தது. அது யோசித்து முடிப்பதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. "ஆறுதான்" என்றது கடைசியில்.

"ஆற்றங்கரை யாருடையது?"

"நம்முடையது! அதில் என்ன சந்தேகம்?"

"அப்படியானால் ஓடை எங்கே போயிற்று?"

கிடா தலையைத் தூக்கியது. வாழ்நாளில் முதல் முறையாக நிமிர்ந்து மலைச்சரிவைப் பார்த்தது. மேலே, சிவந்த பழங்கள் தொங்கிய ரோவன் மரத்தடியில், தேநீர் நிறத் தண்ணீர் நுரைத்து இறங்கி ஆற்றுச் சேற்றில் கலந்துகொண்டிருந்தது.

"அதோ, அங்கே இருக்கிறது."

"நம் எல்லை எது, தலைவரே?"

"ஓடை" என்று சொல்லிவிட்டுச் சுருள்கொம்பன் வாயைத் திறந்தபடி நின்றது. மெல்ல மெல்ல அதன் கண்கள் சிவந்தன. "அப்படியென்றால் ரோவன் மரம்வரை நம்முடைய இடம்! அங்கே நீலப் பொட்டுக்காரர்கள் நிற்கிறார்களே! நம் புல்லை மேய்கிறார்களே!"

"அதைப் பார்த்துத்தான் எனக்கும் காலையிலிருந்து வயிறு எரிகிறது" என்றது கருமூக்கி, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

"விடாதே அவர்களை!" என்று முழங்கியபடி சுருள்கொம்பன் தண்ணீரில் பாய்ந்தது. தலைவன் பாய்ந்தால் மந்தை நிற்குமா? அத்தனை ஆடுகளும் தொப்பு தொப்பென்று குதித்தன. பின்னுக்குத் தள்ளப்பட்ட தண்ணீராதலால் இழுப்பு குறைவாக இருந்தது, ஆனால் ஆழம் பெரிய ஆடுகளுக்கே நெஞ்சுவரை இருந்தது. குட்டிகள் மூக்கை மட்டும் வெளியே நீட்டி நீந்தின. பாதி வழியில் கருமூக்கியின் சின்னக் குட்டி முங்கியது. கருமூக்கி தலையைத் தண்ணீருக்குள் விட்டு, குட்டியை நெற்றியால் உந்தி மேலே தூக்கி, கரைவரை அப்படியே தள்ளிக்கொண்டு போனது. கடைசி ஆடும் கரையேறி உடம்பைச் சிலிர்த்தது.

அதற்குள் மேலே சண்டை தொடங்கிவிட்டது. நீலப் பொட்டு மந்தையின் தலைவன் பாறையன் குறுக்கே வந்து நின்றது. "நில்! இது எங்கள் புல்!"

"ஓடை மேலே போய்விட்டது. எல்லையும் மேலே போய்விட்டது!" என்றது சுருள்கொம்பன்.

தடார்! இரண்டு கிடாக்களும் மோதின. தடார்! மறுபடியும் மோதின. மூன்றாம் முட்டுக்குப் பின்வாங்கியபோது கீழே பெரும் சத்தம் கேட்டது. எல்லா ஆடுகளும் திரும்பிப் பார்த்தன. ஆற்றின் புது வெள்ளம் ஒன்று உருண்டு வந்து மேட்டின் மேல் ஏறியது. ஆடுகள் நின்றுகொண்டிருந்த இடத்தில் இப்போது ஒரு முட்செடியின் நுனி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் மறைந்தது.

பாறையன் நனைந்து நின்ற சிவப்புப் பொட்டுக் குட்டிகளைப் பார்த்தது. கொம்பைத் தாழ்த்திக்கொண்டது.

"ஓடை இருக்கும் இடம்தான் எல்லை. அதில் மாற்றம் இல்லை" என்றது அது. "ஓடை கீழே இறங்கும்வரை இந்த இடம் உங்களுடையது. வாருங்கள், பாறை மறைவில் காற்று அடிக்காது."

அப்போது கிளம்பியது பாருங்கள் ஒரு சத்தம்! சிவப்புப் பொட்டும் நீலப் பொட்டும் சேர்ந்து கத்திய கத்தலில் மழைச் சத்தமே அடங்கிப்போனது. அக்கரையில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த மேய்ப்பர் துள்ளி எழுந்தார். மலைச்சரிவில் சிவப்புப் பொட்டுகளைக் கண்டார். ஒன்றுவிடாமல் எண்ணினார். எண்ணி முடித்ததும் தொப்பியைக் கழற்றி வானத்தில் வீசி, அந்த மழையிலே ஆடத் தொடங்கினார். கருமூக்கியின் குட்டிகள் இரண்டும் தாயின் மடியைத் தேடி முட்டின. அதைவிடப் பெரிய மகிழ்ச்சி கருமூக்கிக்கு வேறு எதுவும் இல்லை.

சுருள்கொம்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அங்கே வந்தது.

"பார்த்தாயா, கருமூக்கி? நீ சொன்னபடி கேட்டிருந்தால் என் மானமே போயிருக்கும். நல்லவேளை, நான் ஓடையைத் தாண்டவில்லை!"

"தாண்டவே இல்லை, தலைவரே" என்றது கருமூக்கி.

நீதி: பிடிவாதக்காரரை எதிர்த்து இழுப்பதைவிட, அவர் பேச்சைக் கொண்டே அவரைக் கரையேற்றுவது புத்திசாலித்தனம்.