எட்டாயிரம் வரிகள்

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடனுக்கு ஐம்பத்திரண்டு. திருநெல்வேலிப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஏசி குளிரில், சர்வர்களுக்கு நடுவே இருவரும் வேலை பார்த்தார்கள்.

சீடன் பெயர் சங்கரநயினார். எக்ஸ்ரே பிலிம் அறைக்கு இருபது வருடம் பொறுப்பாக இருந்தவர். பிலிம் ஒழிந்து படமெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போனபோது, அவரையும் பின்னாலேயே கீழே அனுப்பிவிட்டார்கள். குரு ஆவுடை அவருக்கு எல்லாவற்றையும் ஆனா ஆவன்னாவிலிருந்து சொல்லிக்கொடுத்தாள். அவர் அவளை 'மேடம்' என்பார். அவள் 'அண்ணாச்சி' என்பாள்.

ஸ்கேன் படங்கள் பன்னிரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் இருந்தன. கரண்டை மிச்சப்படுத்த, வேலை இல்லாத டிஸ்க் தானாகத் தூங்கிவிடும். யாராவது படம் கேட்டால் எழுந்துகொள்ளும். டிஸ்க்குகளை நடத்துகிற டிரைவர் என்ற புரோகிராம் இதை ஒவ்வொரு தடவையும் லாக் என்ற பதிவேட்டில் ஒரு வரியாக எழுதி வைக்கும். 'மூன்றாம் டிஸ்க் தூங்கப் போகிறது.' 'மூன்றாம் டிஸ்க் எழுந்துவிட்டது.' ஒரு நாளைக்கு எட்டாயிரம் வரி.

சங்கரநயினார் எட்டாயிரத்தையும் படித்தார். பிலிம் அறையில் ஒருமுறை ஒரு படம் காணாமல் போய், "ஏன் முன்னாலேயே சொல்லலை?" என்று நாலு பேர் பார்க்க வாங்கிக் கட்டிக்கொண்டவர். அந்தப் பயம் இன்னும் வயிற்றிலேயே கிடந்தது.

"மேடம், இதுக வாயை எப்படி அடைக்க?" என்று ஒருநாள் கேட்டார்.

"எந்த வாயை அண்ணாச்சி?"

"எல்லாத்தையும்தான். லாக்கையே நிறுத்திப்புட்டா என்ன?"

ஆவுடை டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை காலை அவர் வழக்கம்போல முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டு வந்தார். கண் எரிந்தது. ஒன்பதே காலுக்கு ஒரு வரியில் விரல் நின்றது. 'பதினோராம் டிஸ்க்கால் எழ முடியவில்லை.' அது எழுதப்பட்டது ஏழு பத்துக்கு.

பதினோராம் டிஸ்க்கில்தான் முந்தின நாள் படங்கள் இருந்தன. நகல் எடுப்பது ஞாயிற்றுக்கிழமைதான். மூளையில் கட்டியோடு ஒரு அம்மாவுக்குப் பத்து மணிக்கு ஆபரேஷன். படத்தைப் பார்க்காமல் டாக்டர் கத்தியைத் தொடமாட்டார்.

ஆவுடைக்கு மெசேஜ் போட்டார். அவள் பார்க்கவில்லை. 'மேடம் அவசரம்' என்று இன்னொன்று போட்டார். அதையும் பார்க்கவில்லை. மேலதிகாரிக்குப் போன் அடிப்பது மரியாதையில்லை என்று பழகிய மனிதர். பத்து நிமிஷம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மரியாதையாவது ஒன்றாவது என்று படியேறி ஓடினார்.

கேன்டீனில் ஆவுடை பூரி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். போன் பக்கத்திலேயே கிடந்தது.

"பதினொண்ணு... எந்திரிக்க மாட்டேங்குது மேடம்."

அவள் கைகூடக் கழுவாமல் ஓடி வந்தாள். கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு டிஸ்க்கை உருவினாள், முப்பது வரை எண்ணினாள், திரும்பச் செருகினாள். கிர்ரென்று சுற்றும் சத்தம் கேட்டது. ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு ஆபரேஷன் தியேட்டரில் படம் திறந்துகொண்டது.

சங்கரநயினார் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் ஒன்பதே காலுக்கே மெசேஜ் போட்டேனே மேடம்."

அவள் போனை அவர் கையில் கொடுத்தாள். "படிங்க."

"இந்தா இருக்கு. பதினொண்ணு எழலைன்னு."

"அதுக்கு மேல இருக்கதையும் படிங்க."

அவர் மேலே தள்ளினார். 'மேடம் வணக்கம். எல்லா டிஸ்க்கும் நலம்.' '4 எழுந்தது மேடம்.' '4 தூங்கியது மேடம்.' 'ஏசி 19 டிகிரி. பயமில்லை.' தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. எல்லாம் அவர் அனுப்பியதுதான். அவர் பெயருக்குப் பக்கத்தில் குறுக்குக் கோடு போட்ட மணி ஒன்று இருந்தது.

"என் சத்தத்தை அடைச்சு வச்சிருக்கீங்களா?"

"ஒரு மாசமாச்சு அண்ணாச்சி. தப்புதான். அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆகியிருந்தா நான்தான் பதில் சொல்லணும்."

அவருக்கு அழுகை வந்தது. கோபமா வெட்கமா என்று அவருக்கே தெரியவில்லை.

மத்தியானம் ஆவுடை டிரைவரைத் திறந்துவைத்து, நாற்காலியை அவருக்குக் கொடுத்தாள். அவர் 'தூங்கப் போகிறது' என்ற வரியை எடுத்தார். 'எழுந்துவிட்டது' என்ற வரியை எடுத்தார். 'எழ முடியவில்லை' என்ற இடத்தில் கை நின்றது. அதைத் தொடாமல் எழுந்துகொண்டார்.

மறுநாள் லாக்கில் மொத்தமே நாலு வரி. எல்லாம் சாதாரண வரிதான், ஆனால் அவருக்கு முன்பைவிடப் பயமாக இருந்தது. உயிரோடுதான் இருக்கிறதா என்று டிஸ்க் பெட்டிமேல் கையை வைத்துப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது. 'எல்லாம் நலம் மேடம்' என்று அடித்தார், அழித்தார். மறுபடி அடித்தார், அழித்தார். மத்தியானச் சோறு இறங்கவில்லை.

நாலு மணிக்கு ஆவுடை கீழே வந்தாள்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கு உங்ககிட்டயிருந்து ஒண்ணுமே வரலியே?"

அவர் பதறி எழுந்தார். "ஒண்ணும் இல்லை மேடம், அதான் போடலை. போட்டிருக்கணுமோ?"

அவள் போனைக் காட்டினாள். அவர் பெயருக்குப் பக்கத்தில் மணியைக் காணோம்.

"உங்க சத்தத்தைத் திறந்து வச்சிட்டுத்தான் சாப்பிட உக்காந்தேன்" என்றாள். "அது அடிக்கவே இல்லை. ஒரு பருக்கை விடாம சாப்பிட்டேன் அண்ணாச்சி."