நீர்நாயும் மூன்றாவது வெள்ளிக் கெண்டையும்

ஒரு காட்டின் ஓரத்தில் சின்னக் குட்டை இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் பெரிய ஏரி இருந்தது. குட்டையில் சுழலி என்ற நீர்நாயும் அவள் குட்டி பொட்டுவும் வசித்தார்கள். ஏரியில் சுழலியின் கணவன் துடுப்பன் வசித்தான்.

குட்டையில் மீன் குறைந்ததும், பாசி அள்ளும் வேலைக்கு ஏரிக்குப் போனவன் துடுப்பன். அவன் போகும்போது பொட்டு பிறக்கவில்லை. இப்போது பொட்டுவுக்கு நாலு பல் முளைத்துவிட்டது. அப்பாவின் முகம் அவனுக்குத் தெரியாது. குரல் மட்டும் தெரியும்.

அந்தக் குரலைக் கொண்டுவந்தது ஒரு மைனா. காலையில் குட்டையிலிருந்து பறக்கும், மாலையில் ஏரியிலிருந்து திரும்பும். கேட்டதைக் கேட்ட குரலிலேயே சொல்லும். துடுப்பன் தும்மினால் மைனாவும் அந்த இடத்தில் தும்மும். செய்தியின் கடைசியில் துடுப்பனின் சீட்டி ஒன்று வரும். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. அதைக் கேட்டால்தான் பொட்டு தூங்குவான்.

மைனாவைப் போல நினைத்தபோது ஏரிக்குப் போக சுழலியால் முடியாது. நாலு கால் பிராணிகளுக்கு மதகு ஒன்றுதான் வாசல். அங்கே கூழைக்கடா அதிகாரியாக உட்கார்ந்திருந்தாள். விண்ணப்ப இலையை வாங்கி, தன் அலகுப் பையில் போட்டுக்கொண்டு கேள்வி கேட்பாள். பதில் சரியாக இருந்தால் இலையில் கால் பதித்துத் திருப்பித் தருவாள். பொய் சொன்னால் இலையை விழுங்கிவிடுவாள். இலை விழுங்கப்பட்டவர்கள் மூன்று மழைக்காலம் அந்தப் பக்கமே வரக் கூடாது.

மூன்று மழைக்காலம்! அதற்குள் பொட்டு வளர்ந்து தனக்கென்று ஒரு வளை தோண்டிக்கொள்வான். அதை நினைத்தாலே சுழலிக்கு வாலிலிருந்து மீசை வரை நடுங்கியது.

யோசனை கேட்க அவள் ஓணானிடம் போனாள். அவன் ஒரு பட்டுப்போன மரத்தின் மேல் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் வழி சொல்பவன். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவான். பேச்சுக்கு நடுவே அவனுக்கு ஒரு வறட்டு இருமல் வரும்.

"மூணு வழி இருக்கு தங்கச்சி. க்ஹும். விருந்தாளியாப் போகலாம், ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமி வரைக்கும். வேலைக்குப் போகலாம், ஆனா குட்டியை விட்டுட்டுப் போகணும். துணையாப் போகலாம். அது நிரந்தரம், குட்டியும் வரலாம். ஆனா துருவித் துருவிக் கேள்வி கேட்பாங்க."

"எது நல்லது அண்ணே?"

"விருந்தாளியாப் போ. ஏரியில எனக்கு யாருமே இல்லைன்னு சொல்லு. உள்ளே போனதும் கோரைக்குள்ள புகுந்துடு. யார் தேடப் போறாங்க?"

"பொட்டு அவங்கப்பா குரலைக் கேட்டுச் சீட்டி அடிச்சுட்டான்னா?"

ஓணான் தலையாட்டினான். "மாட்டிக்குவே."

"அப்ப துணையாவே போறேன்."

"நானும் அதைத்தானே சொன்னேன்," என்று ஓணான் மறுபடியும் தலையாட்டினான். "சரி, நீங்க ரெண்டு பேரும் முதல்ல எப்படிச் சந்திச்சீங்க?"

"நான் பிடிச்ச நண்டை அவர் பிடுங்கிட்டார். நான் அவர் காதைக் கடிச்சுட்டேன்."

"ஐயையோ. இதைப் போய் வெளியே சொல்லுவாங்களா? இப்ப தினமும் என்ன பேசிக்கறீங்க?"

சுழலி தலையைக் குனிந்துகொண்டாள். "பெரும்பாலும் சண்டைதான்."

"கெட்டது போ. சண்டை போடற ஜோடியை யார் நம்புவாங்க? நான் ஒரு கதை சொல்றேன், அப்படியே மனப்பாடம் பண்ணிக்கோ."

கதையைச் சொல்லி முடித்தவன் மைனாவையும் கூப்பிட்டு மூன்று வரி சொல்லிக்கொடுத்தான். மைனாவுக்கு அது பிடிக்கவில்லை.

"இது துடுப்பன் அண்ணன் சொன்னதில்லையே," என்றது.

"எனக்காக இது ஒண்ணு மட்டும் சொல்லிடு மைனா," என்றாள் சுழலி. "பழைய பேச்சு எதையும் எடுத்துடாதே. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

மைனா அரைமனதாகச் சம்மதித்தது. சுழலி பொட்டுவைத் தூங்கவைத்துக்கொண்டே, ஒரு எழுத்துப் பிசகாமல் கதையை ஒப்பித்துப் பார்த்தாள். ஏழு முறை சரியாக வந்தது.

மறுநாள் தாயும் குட்டியும் மைனாவோடு மலையைச் சுற்றி நடந்து, அதற்கு அடுத்த நாள் மத்தியானம் மதகை அடைந்தார்கள். நீண்ட வரிசை. சுழலியின் முறை வந்ததும் கூழைக்கடா அவள் இலையை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"துணைவனை முதலில் எப்படிச் சந்தித்தாய்?"

சுழலி கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னாள். "அன்றைக்கு முழு நிலா மேடம். தாமரைகள் பூத்திருந்தன. அவர் தண்ணீரிலிருந்து எழுந்து வந்து, ஒரு வெள்ளிக் கெண்டையை என் காலடியில் வைத்தார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். உலகமே மறந்துபோயிற்று."

கூழைக்கடா பெருமூச்சு விட்டாள். "காலையிலிருந்து இது மூன்றாவது வெள்ளிக் கெண்டை. முதலில் ஒரு ஆமை. அதையாவது நம்பினேன். அடுத்து முள்ளம்பன்றி வந்து, காலடியில் கெண்டை மீனை வைத்தார் என்கிறாள். கிழங்கு தின்கிறவளுக்குக் கெண்டை எதற்கு?"

சுழலி மைனாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்குள் போய்வந்த பேச்சு ஏதாவது இருக்கிறதா?"

மைனா முன்னால் வந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு சொன்னது. "என் உயிரே சுழலி. க்ஹும். நீயில்லாமல் ஏரித் தண்ணீரும் கசக்கிறது. க்ஹும். உன் நினைவிலேயே நான் இளைத்துவிட்டேன். க்ஹும்."

"நீர்நாய்க்கு வறட்டு இருமல் வந்து நான் பார்த்ததில்லையே," என்றாள் கூழைக்கடா. "இந்த இருமலோ எனக்கு நன்றாகப் பழக்கம். பட்ட மரத்துக்காரன் இருமல்."

இலையை விழுங்க அவள் கழுத்தை நிமிர்த்தினாள்.

"மேடம், ஒரே ஒரு நிமிஷம்!" சுழலி குறுக்கே போய் நின்றாள். "நான் சொன்னது பொய். முழு நிலாவும் இல்லை, தாமரையும் இல்லை. நண்டுக்காகச் சண்டை போட்டோம். அவர் இடது காதைக் கடிச்சேன். கொஞ்சம் பிய்ஞ்சுகூடப் போச்சு. மைனா, எல்லாத்தையும் சொல்லிடு. சண்டையையும் சொல்லு."

மைனா இதற்காகவே காத்திருந்ததுபோலக் கொட்டியது. முதலில் சுழலியின் குரலில்: "பொட்டுவுக்கு மூக்கு ஒழுகுதுன்னு மூணு நாளாச் சொல்றேன். நீங்க ஏரி நண்டு ருசியைப் பத்திப் பேசறீங்க."

அடுத்து துடுப்பனின் குரலில்: "நான் என்ன டாக்டரா? காலையிலேர்ந்து பாசி அள்ளி முதுகு விட்டுப்போச்சு. ஆடாதொடை இலையைக் கசக்கி மோந்து பார்க்கச் சொல்லு."

"நாலு பல்லு முளைச்ச குட்டிக்கு மோந்து பார்க்கத் தெரியுமா? குட்டி எவ்வளவு பெரிசுன்னாவது தெரியுமா உங்களுக்கு?"

இதற்கு மட்டும் பதில் கொஞ்சம் தாமதமாக வந்தது. மைனா அந்தத் தாமதத்தையும் விடாமல் சொன்னது. அத்தனை நேரம் அலகை மூடிக்கொண்டு நின்றது. பிறகு, "தெரியாது," என்றது துடுப்பனின் குரலில். "என் கை அளவு இருப்பானா?"

கடைசியில் அந்தச் சீட்டி வந்தது. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு.

அதுவரை அம்மாவின் வாலுக்குப் பின்னால் ஒளிந்திருந்த பொட்டு தலையை நீட்டினான். ஒழுகும் மூக்கோடு தத்தித் தத்தி மதகுப் பக்கம் நடந்தான். பதிலுக்குச் சீட்டி அடித்தான். இரண்டாவது குட்டைச் சீட்டி பாதியில் உடைந்தது.

கூழைக்கடா கழுத்தை இறக்கினாள்.

"துடுப்பன் வேலைக்கு வந்த அன்றைக்கே, காது எப்படிப் பிய்ந்தது என்று கேட்டேன்," என்றாள். "என் சம்சாரம் கடிச்சது மேடம், தப்பு என்மேல்தான் என்றான். இப்படி ஒரு கதையை எந்த ஓணானும் தயார் செய்து தர மாட்டான்."

"அப்ப நாங்க உள்ளே போகலாமா மேடம்?"

"போகலாம். ஆனால் முதலில் பொய் சொன்னாய் அல்லவா? வரிசையின் கடைசிக்குப் போய் நின்று, இதே உண்மையை முதலிலிருந்து சொல்."

சுழலி பொட்டுவைக் கவ்விக்கொண்டு கடைசிக்கு ஓடினாள். முன்னால் நாற்பது பிராணிகள். அவர்களில் பாதிப் பேர் வாய்க்குள் எதையோ ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். "வெள்ளிக் கெண்டையா? அதை விட்டுடுங்க," என்று அவள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போனாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் அவள் முறை மறுபடியும் வந்தது. நண்டில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். கூழைக்கடா இலையில் கால் பதித்துக் கொடுத்தாள்.

மதகுக்கு அந்தப் பக்கம், மைனா சொல்லி வேலையிலிருந்து ஓடிவந்த துடுப்பன் உடம்பெல்லாம் பாசியோடு நின்றிருந்தான். இடது காதில் பாதி இல்லை. அவன் பொட்டுவைப் பார்த்தான். பிறகு தன் கையைப் பார்த்தான். குட்டி அதைவிட நாலு மடங்கு இருந்தான்.

"மூக்கு ஒழுகறது நின்னுச்சா?" என்று கேட்டான்.

"இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?" என்றாள் சுழலி.

பொட்டு அவன் முகத்தை அண்ணாந்து பார்த்தான். முன்பின் பார்க்காத முகம். துடுப்பன் மெதுவாகச் சீட்டி அடித்தான். அடுத்த நொடி குட்டி அவன் முதுகில் இருந்தான்.

பயத்தில் இரவல் வாங்கிய அழகான பொய் நம்மை வாசலிலேயே நிறுத்திவிடும். நம்முடைய சொந்த உண்மை, சண்டையும் சளியுமாக இருந்தாலும், அதுதான் நம்மை வீடு சேர்க்கும்.