அத்தர் பஞ்சு

மஹ்மூது ஹஜ்ரத்தின் இடது காதில் எப்போதும் அத்தர் தோய்த்த பஞ்சு இருக்கும். தினமும் அதை மாற்றி வைப்பவர் சீடர் உதுமான் கனி. குருவைவிட வயதில் மூத்தவர். அதனால் ஹஜ்ரத் அவரை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவார். ஹஜ்ரத்தின் இடப்பக்கம் உதுமானுடைய இடம். அதில் வேறு யாரையும் ஹஜ்ரத் உட்கார விடமாட்டார்.

ஊரில் யாருக்குத் துக்கமென்றாலும் ஹஜ்ரத்திடம் வந்து சொல்வார்கள். அவர் புத்தியெல்லாம் சொல்லமாட்டார். காது கொடுத்துக் கேட்பார். வந்தவர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஒரு நாள் காலையில் அவர் வாயின் இடது ஓரத்தில் டீ ஒழுகியது. இடது கண்ணை மூட முடியவில்லை. பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

டாக்டரம்மா காதைப் பார்த்துவிட்டு உதுமானைத் தனியாக அழைத்தார். செவிப்பறைக்கு உள்ளே, வளரக்கூடாத இடத்தில் தோல் வளர்ந்திருக்கிறது என்றார். உதிர்ந்த தோல் வெளியேற வழியில்லாமல் சேர்ந்து, காதின் சின்ன எலும்புகளை அரித்து, முக நரம்பு வரை போய்விட்டதாம். பெரும்பாலும் வலிக்காதாம். சீழ் வடிவதையும் கெட்ட வாடையையும் காது மந்தமாவதையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டுமாம்.

“வாடை எவ்வளவு நாளா இருக்கு?” என்று கேட்டார்.

உதுமான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆபரேஷன் நடந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, முகமும் மெல்லத் தேறிவிடும் என்றார்கள். இடது காது போனது போனதுதான்.

வீடு திரும்பிய அன்று உதுமான் பழக்கம்போல இடப்பக்கம் உட்கார்ந்தார். மனதில் இருந்ததையெல்லாம் சொல்லி அழுதார். ஹஜ்ரத் சுவரைப் பார்த்தபடியே இருந்தார். திரும்பியபோதுதான் அந்த அழுத முகம் அவர் கண்ணில் பட்டது.

“இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க காக்கா. அந்தக் காதுல ஒண்ணும் விழல.”

உதுமான் சுற்றி வந்து வலப்பக்கம் உட்கார்ந்தார். அதை இரண்டாம் முறை சொல்வது, பாவம், அவருக்குப் பெரிய வேதனையாக இருந்தது.

“வாடை எனக்குத் தெரியும் ஹஜ்ரத். ரொம்ப நாளாத் தெரியும். பஞ்சு சீழாத்தான் வரும். உங்க கிட்ட எப்படிச் சொல்றதுன்னு மரியாதைக்காக வாயை மூடிக்கிட்டேன். இன்னும் நல்ல அத்தரா வாங்கி வெச்சேன்.”

உதுமான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“எலும்பையே அரிச்சிருக்கே. உங்களுக்கு ஒண்ணுமே தெரியலையா?”

ஹஜ்ரத் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

“வலிக்கல காக்கா. ஈரம் அத்தர்னு நெனச்சேன். நம்ம வாடை நமக்குத் தெரியாது. அதுக்குத்தானே உங்களைப் பக்கத்துல உட்கார வெச்சிருந்தேன்.”