இரண்டாம் ஓலைக்குப் பத்துக் கசையடி

ரொம்பக் காலத்துக்கு முன்னே கொன்றைநாட்டை வில்லவராயன் என்றொரு ராஜா ஆண்டார். நல்ல மனுஷன்தான், ஆனால் பொறுமை மட்டும் கடுகளவும் கிடையாது. முறையிட வருகிறவர்கள் வாசலில் நான்கு ஓலை எழுதிக் கொடுக்க வேண்டும்: முறையிட்டவர் பேர், எதிராளி பேர், ஊர், கோரிக்கை. எழுத்தர் அவற்றைக் கயிற்றில் கோத்து உள்ளே அனுப்புவார். ராஜா முழுசாகப் படிப்பாரா? "இரண்டாம் ஓலையை எடு!" என்பார். அதில் இருக்கும் பேருக்குத் தண்டனை. இப்படி எண்ணிக் கேட்கச் சொல்லிக் கொடுத்தவர் வாசல் அதிகாரி தாண்டவராயர். அந்தப் பெருமையில் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரு நாள் காலை மந்திரி நல்லசிவத்திடம் மூக்காயி என்ற குயத்தி ஓடி வந்தாள்.

"சாமி, ஊர்த்தலைவரோட காளை எங்க பானையெல்லாம் மிதிச்சிருச்சு. முறையிட வந்த எங்க வீட்டுக்காரரையே கட்டி வச்சிட்டாங்க! உச்சிப்பொழுதுக்குப் பத்துக் கசையடியாம். நோஞ்சான் உடம்பு சாமி, தாங்காது."

மந்திரி சட்டென்று எழுந்தார். "எந்த வாசலில் ஓலை கொடுத்தாரம்மா?"

"மேல வாசல்ல."

அடடா! அரண்மனையின் மூன்று வாசலுக்கும் மூன்று எழுத்தர்கள், மூன்று பரம்பரை வழக்கம். கீழவாசல்காரர் எதிராளியை இரண்டாவதாகக் கோப்பார், மேலவாசல்காரர் முறையிட்டவரை, வடக்குவாசல்காரர் ஊரை. இதை நேரே சொன்னால் ராஜா குதிப்பார். அதனால் மந்திரி தாமே ஒரு விண்ணப்பம் எழுதி, அதையே மூன்று வாசலிலும் கொடுத்துவிட்டுச் சபைக்குப் போனார்.

"இரண்டாம் ஓலை!" என்றார் ராஜா.

கீழவாசல் ஓலையில் 'காக்கை' என்றிருந்தது. "காக்கைக்குப் பத்து அடி!"

மேலவாசல் ஓலையில் 'தாண்டவராயர்'. "தாண்டவராயருக்குப் பத்து அடி! என்னது?"

வடக்குவாசல் ஓலையில் 'அரண்மனை'. சபையே விழுந்து விழுந்து சிரித்தது.

"மகாராஜா, தாண்டவராயர் தலைப்பாகையில் எச்சமிட்ட காக்கைமேல் அவர் பேரில் நான் மூன்று வாசலிலும் கொடுத்த ஒரே வழக்குதான் இது" என்றார் மந்திரி.

தாண்டவராயருக்கு முகம் செத்துவிட்டது. "எல்லாரையும் ஒரே வரிசையில் கோக்கச் சொன்னால் தீர்ந்தது!"

"நாளைக்கு எவராவது ஓர் ஓலை கூட்டினால் மறுபடி எண்ணிக்கை தப்பும் ஐயா. ஓலைக்கு ஓலை தலையில் 'எதிராளி', 'ஊர்' என்று அது இன்னதென எழுதட்டும். ராஜா அந்தப் பேரைச் சொல்லிக் கேட்கட்டும். எந்த வாசலானால் என்ன?"

அப்படியே எழுதினார்கள். ராஜா ஆவலோடு, "எதிராளி!" என்று கூவினார். சபையில் கிடந்த அத்தனை விண்ணப்பத்திலிருந்தும் எதிராளி ஓலைகள் வந்து குவிந்தன.

"முதலில் யாருடைய விண்ணப்பம் என்று சொல்லுங்கள் மகாராஜா, அப்புறம் ஓலையின் பேர்" என்றார் மந்திரி.

"தாண்டவராயர் விண்ணப்பம், எதிராளி!"

மூன்று வாசலிலிருந்தும் காக்கைதான் வந்தது.

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "அப்படியானால் காலையில் கட்டி வைத்தவன்?" என்றவர், பதிலுக்கு நிற்காமல் முற்றத்துக்கு ஓடினார். வெயில் உச்சிக்கு வந்திருந்தது, சேவகன் கசையை ஓங்கியிருந்தான்.

"நிறுத்து! அந்த இரண்டாம் ஓலைக்காரனை அவிழ்த்து விடு!"

முற்றத்து ஓரம் நின்ற மூக்காயிக்கு அதைக் கேட்கப் பொறுக்கவில்லை. அந்த ஊரில் எந்தப் பெண்ணும் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டாள். அவள் எல்லார் முன்னாலும் சொன்னாள்.

"சடையன், மகாராஜா! அவர் பேர் சடையன்!"

ராஜா தலைகுனிந்தார். தாண்டவராயரைக் கூப்பிட்டுக் கட்டை அவிழ்க்கச் சொன்னார். பிறகு தாமே கை நீட்டி, "சடையா, எழுந்திரப்பா" என்றார்.