கடைசி பெஞ்சுக் குரல்

கரட்டுச்சாமிக்கு வயது இன்னும் முப்பதைத் தாண்டவில்லை. அவருடைய சிஷ்யை செண்பகவல்லிக்கு ஐம்பத்து நாலு. அவர் 'அம்மா' என்பார், இவள் 'சாமி' என்பாள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?

ஒரு காலையில் கரட்டுக் குன்றின் உச்சியிலிருந்த அவர் குடிலுக்குச் செண்பகவல்லி மூச்சிரைக்க ஏறி வந்தாள். சாமி புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"சாமி, ரெண்டு பல்கலைக்கழகத்துல இடம் கிடைச்சிருக்கு. ரெண்டுலயும் வரலாறுதான். எதுல சேரட்டும்?"

"உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?"

"ஆத்தங்கரைப் பல்கலைக்கழகம்தான். பத்தொன்பது வயசுல அங்கதான் இடம் கிடைச்சுது. பெட்டிகூடக் கட்டிட்டேன். அந்த வாரமே கல்யாணத்தை முடிச்சு வெச்சுட்டாங்க. இன்னொண்ணு நம்ம பைபாஸ் ரோட்டுல புதுசா வந்திருக்கே, தகரக் கொட்டகை, அது. இந்தத் தடவையும் விட்டுட்டா எனக்குப் படிப்பே இல்ல சாமி. அதான் பயமா இருக்கு."

"ரெண்டு இடத்துலயும் பட்டியல்ல உங்க பேர் இருக்கும், ஒரு நாள் உட்கார்ந்துட்டு வாங்க. பேர் கூப்பிடும்போது மட்டும் காதைத் தீட்டி வெச்சுக்கோங்க."

இது என்ன உத்தரவு என்று முணுமுணுத்துக்கொண்டேதான் இறங்கிப் போனாள்.

அடுத்த வாரம் திரும்பி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. குடிலுக்குள் நுழைந்ததும் கதவைச் சாத்தினாள். சாமி அன்றும் புடலங்காய்தான் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சும்மா?"

"ஆத்தங்கரைக்குத்தான் முதல்ல போனேன். வாத்தியார் வரிசையாப் பேர் கூப்பிட்டார். 'செண்பகவல்லி'ன்னார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, கடைசி பெஞ்சுலேருந்து 'உள்ளேன் ஐயா'ன்னு ஒரு குரல்."

வராத தோழிக்காக இன்னொருத்தி குரலை மாற்றி 'உள்ளேன்' சொல்லிவிடுவது நம் ஊர் வகுப்புகளில் காலங்காலமாக நடப்பதுதான். செண்பகவல்லியும் அப்படித்தான் நினைத்தாள். அடி வாலுங்களா, எனக்கே போடுறீங்களா என்று சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"பெஞ்சு காலி சாமி. தூசி படிஞ்சு கிடக்கு. பக்கத்துல இருந்த பொண்ணுகிட்டக் கேட்டேன். 'அங்க யாரும் உட்கார மாட்டாங்க ஆன்ட்டி, அந்தப் பேரு எத்தனையோ வருஷமா பட்டியல்ல இருக்கு, சத்தம் மட்டும் வரும், எங்களுக்குப் பழகிடுச்சு'ங்குது."

சாமி கத்தியைக் கீழே வைத்தார்.

"யார் குரல்?"

"என் குரல்தான். கல்யாணத்துக்கு முன்னாடி இருந்த குரல்." சொல்லும்போதே அழுதுவிட்டாள். "பாவம் சாமி அவ. அன்னிலேருந்து அங்கேயே உட்கார்ந்திருக்கா. அவளைத் தனியா விட்டுட்டு நான் எப்படி வேற இடத்துக்குப் போவேன்?"

"தகரக் கொட்டகையில என்ன ஆச்சு?"

"அங்கயும் பேர் கூப்பிட்டாங்க. எந்தச் சத்தமும் இல்ல. இன்னொரு தரம் கூப்பிட்டாங்க. பிள்ளைங்க எல்லாம் என்னையே பார்க்குது. அந்த டீச்சர் வரலைன்னு போட்டுட்டு அடுத்த பேருக்குப் போயிட்டாங்க."

"நீங்க அங்கதானே இருந்தீங்க?"

"இருந்தேன்."

"ஏன் சொல்லல?"

"அவ சொல்லுவான்னு இருந்துட்டேன்."

சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு வகுப்பில் கூப்பிடுவது போலவே கூப்பிட்டார்.

"செண்பகவல்லி."

அவள் திகைத்துப்போனாள். சாமி அவளை ஒருநாளும் பேர் சொல்லி அழைத்ததில்லை.

சாத்திய கதவுக்கு வெளியே இருந்து பதில் வந்தது.

"உள்ளேன் ஐயா."

சின்னப் பெண்ணின் குரல். அதில் அத்தனை உற்சாகம், அதுதான் கொடுமை. வாசலில் படுத்திருந்த நாய் ஊளையிட்டுக்கொண்டே கரட்டை விட்டு இறங்கி ஓடியது. கதவின் அடியில் ஒரு நீலத் தாவணியின் நுனி தெரிந்தது. பெட்டி கட்டிய அன்று அவள் உடுத்தியிருந்த தாவணி. செண்பகவல்லி கதவை விட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

"செண்பகவல்லி," என்றார் சாமி மறுபடியும்.

வெளியே யாரோ மூச்சை இழுப்பது கேட்டது.

"உள்ளேன்!" என்று கத்தினாள் செண்பகவல்லி. கரகரத்த, கிழடு தட்டிய குரல். அவளுக்கே அது புதிதாக இருந்தது.

வெளியே இழுத்த மூச்சு அப்படியே நின்றது. தாவணி நுனி மெல்ல நழுவி மறைந்தது.

சாமி மறுபடியும் புடலங்காயைக் கையில் எடுத்தார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்பவாவது சொல்லுங்க சாமி. நான் எங்க சேரட்டும்?"

"நாளைக்குக் காலையில ரெண்டு இடத்துலயும் உங்க பேரைக் கூப்பிடுவாங்கம்மா. ஒரு இடத்துல அவ சொல்லிடுவா. இன்னொரு இடத்துல, நீங்க வாயைத் திறந்தாத்தான் உண்டு."