ஃபாதர் போட்ட பேச்சுத் தடை

கடற்கரை ஊர் ஒன்றின் கத்தோலிக்க மேல்நிலைப் பள்ளிக்குப் புதிதாகத் தலைமையாசிரியராக வந்தார் ஃபாதர் அமலதாஸ். வந்த வாரமே காலை வழிபாட்டில் சட்டம் போட்டார்: "பையன்களும் பெண்களும் ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் டி.சி.தான்!"

வேதியியல் ஆய்வகத்திலோ மேசைக்கு இருவர். பிளஸ் டூ ரெஜினாவுக்கு ஜோடியாக லீபன் வாய்த்தான். அவன் குழாயைத் திறந்து திரவத்தைச் சொட்டவிட வேண்டும். இவள் குடுவையைக் குலுக்கி, நிறம் மாறியதும் நிறுத்தச் சொல்ல வேண்டும்.

பேசாமல் எப்படிச் சொல்வது? ரெஜினா குழம்பிப்போய் ஃபாதரிடமே கேட்டாள்.

"அது உன் சாமர்த்தியம். சோதனை தப்பினால் மதிப்பெண் கிடையாது" என்றவர், கண்காணிக்க ஆய்வகத்துக்கே வந்து நின்றார்.

குடுவையில் இளஞ்சிவப்பு எட்டிப் பார்த்தது.

"ஃபாதர், லீபனை நிறுத்தச் சொல்லுங்க!" என்றாள் ரெஜினா. ஃபாதரிடம் பேசத் தடையில்லையே!

ஃபாதர் திகைத்து, "நிறுத்துப்பா" என்றார்.

"எதை ஃபாதர்?" என்றான் லீபன்.

அதற்குள் அடுத்த மேசைப் பெண், "ஃபாதர், இவனைத் திறக்கச் சொல்லுங்க!" என்றாள். பின்னாலிருந்து ஒரு பையன், "ஃபாதர், அவளைக் குலுக்கச் சொல்லுங்க!" என்றான். ஃபாதருக்குத் தலை சுற்றியது. திறக்க வேண்டியவனை மூடச் சொன்னார்; மூட வேண்டியவனைக் குலுக்கச் சொன்னார். குடுவைகளெல்லாம் கருஞ்சிவப்பாகிவிட்டன.

"ஐயோ, நீங்களே பேசித் தொலைங்களேன்!" என்று தலையில் கைவைத்தார்.

ரெஜினா லீபன் பக்கம் திரும்பவேயில்லை. "அதையும் நீங்களே அவன்கிட்ட சொல்லிடுங்க, ஃபாதர்" என்றாள் பணிவாக.

ஃபாதர் சொன்னார். அன்றோடு சட்டமும் போயிற்று.