கோலத்துக்கு அந்தப் பக்கம்

குரு ஒருத்தி இருந்தாள். ஆசிரமம் எல்லாம் கிடையாது. ஊர் ஊராக நடக்கிற தொழில் கண்காட்சிகளில் ஸ்டால் போட்டு நன்னாரி சர்பத் விற்பாள். பெயர் நசீமா.

சிஷ்யையின் பெயர் கோகிலவாணி. குருவைவிட இவளுக்குத்தான் வயசு கூட. அதனால் குருதான் சிஷ்யையை அக்கா என்று கூப்பிடுவாள்.

வாணிக்கு அதுதான் முதல் கண்காட்சி. ஊரில் அவளும் இன்னும் சில பெண்களும் சேர்ந்து பாக்கு மட்டையில் சாப்பாட்டுத் தட்டு செய்கிறார்கள். செய்த தட்டு அப்படியே கிடக்கிறது. இந்தக் கண்காட்சியிலும் ஆர்டர் கிடைக்காவிட்டால் மட்டை அழுத்துகிற மெஷினை விற்றுவிடுவது என்று எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள். அப்புறம் வாணி பழையபடி மில்லுக்குப் போகணும். நைட் ஷிப்ட். இப்போதுதான் நடை பழகுகிற பிள்ளையை யாரிடம் விட்டுப் போவது என்று தெரியவில்லை.

ஸ்டால் போட்ட நாளிலிருந்து ஜனங்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும்தான் இருந்தார்கள். ஒருத்தரும் அவள் ஸ்டாலுக்குள் வரவில்லை. அவளுக்கும் கூப்பிட வாய் வரவில்லை. நாலு பேர் சேர்ந்து நடந்து வந்தால் குனிந்துகொண்டு தட்டுகளை அடுக்குவாள். அடுக்கினதையே கலைத்துத் திரும்ப அடுக்குவாள்.

காலையில் வாசலில் கோலம் மட்டும் போடுவாள். அந்த நேரத்தில் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. பயம் கூடக் கூடக் கோலமும் பெரிசாகிக்கொண்டே போனது. கடைசி நாள் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் கலர்ப் பொடியில் மயிலும் தாமரையும் நிறைந்திருந்தது.

நசீமாவுக்குப் பக்கத்து ஸ்டால். நடுவில் ஒரு தடுப்புத் துணிதான். அதைத் தூக்கிக் குனிந்து இவள் அங்கே போவாள், அவள் இங்கே வருவாள்.

மத்தியானம் தாண்டிவிட்டது. சாயங்காலம் எல்லாவற்றையும் பிரித்துவிடுவார்கள். வாணி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே துணியைத் தூக்கினாள்.

"நசீமா, உன்கிட்ட மட்டும் எப்படி வந்து நிக்கிறாங்க? என்கிட்ட வந்தா என்ன, கடிச்சா வெச்சிருவேன்?"

"யாருக்குத் தெரியும். கடிப்பீங்கன்னு நினைக்கிறாங்களோ என்னமோ."

"விளையாடாத. எனக்குப் பயமா இருக்கு."

நசீமா பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு சுத்து நடந்துட்டு வாங்கக்கா. சாமான் வாங்க வந்தவங்க மாதிரி நடக்கணும்."

"ஸ்டாலை விட்டுட்டா? அதுக்குள்ள யாராச்சும் வந்துட்டா?"

"இத்தனை நாளா வராதவங்க, நீங்க அந்தப் பக்கம் போனதும் வரிசையில நிப்பாங்களா? போங்க."

வாணி நசீமாவின் ஸ்டால் வழியாக வெளியே போனாள்.

மெத்தை விற்கிறவன், "மேடம், சும்மா உக்காந்து பாருங்க மேடம்" என்றான். வேகமாக நடந்தாள். மாவு அரைக்கிற மெஷின்காரர் நோட்டீஸை நீட்டினார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பார்த்தால் கூப்பிடுவார்கள். நின்றால் விடமாட்டார்கள். தரையைப் பார்த்தே நடந்தாள். முன்னால் போன இரண்டு பெண்களும் தரையைப் பார்த்துத்தான் நடந்தார்கள்.

திரும்பி வந்தபோது அவளுடைய ஸ்டாலுக்குள், அவளுடைய சேரில் நசீமா உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை.

"என்னக்கா பாத்தீங்க?"

"ஒண்ணும் பாக்கல. தலையை நிமித்தினா புடிச்சுக்குவாங்களோன்னு செருப்பைப் பாத்துட்டே வந்தேன்."

"சரி. தட்டு வாங்க வந்திருக்கீங்க. உள்ள வாங்க."

வாணி காலைத் தூக்கினாள். அப்படியே நின்றாள்.

முன்னால் மயில். தாண்டலாம் என்றால் தாண்டுகிற அகலம் இல்லை. மிதிக்கக் கால் வரவில்லை.

"உன் ஸ்டால் வழியா வரட்டுமா?"

"அது நம்ம ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச வழி. வாங்க வர்றவங்களுக்குத் தெரியுமா?"

பிள்ளை அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டியது. வாணி நின்ற இடத்திலேயே நின்றாள்.

பின்னால் யாரோ செருமினார்கள். தோளில் துண்டு போட்ட ஒரு பெரிய உடம்புக்காரர்.

"கோலம் ஜோரா இருக்குதம்மா. நேத்தும் வந்து பாத்துட்டுத்தான் போனேன். மிதிக்க மனசு வரல. உள்ள இருந்தும் யாரும் வான்னு சொல்லல. தட்டு யாரோடது?"

வாணி நசீமாவைப் பார்த்தாள். நசீமா பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வாணி முந்தானையை இடுப்பில் செருகினாள். தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் மயிலை ஒதுக்கித் தள்ளினாள். ஒரு ஆள் போகிற அளவுக்குத் தரை தெரிந்தது.

"வாங்க" என்றாள். அவளுக்கே கேட்கவில்லை. "உள்ள வாங்க" என்று மறுபடியும் சொன்னாள்.

அவர் உள்ளே வந்து ஒரு தட்டை எடுத்துப் புரட்டினார்.

"நான் கல்யாணத்துக்குச் சமைக்கிறவன். கொதிக்கக் கொதிக்க ரசம் ஊத்தினா தாங்குமா? மாப்பிள்ளை வீட்டார் மடியில ஒழுகிச்சுன்னா என்னைத்தான் உரிச்சுத் தொங்க விடுவாங்க."

பிள்ளைக்குப் பால் கலக்கப் பிளாஸ்கில் வெந்நீர் இருந்தது. வாணி இடது உள்ளங்கையில் தட்டை வைத்து அதில் ஊற்றினாள். அவளே அழுத்தின தட்டுதான். ஆனாலும் ஒரு சொட்டு ஒழுகினால் மெஷின் போச்சு.

ஆவி மேலே வந்தது. தட்டுக்குள் வெந்நீர் அலை அடித்தது. அவர் குனிந்து அடியில் பார்த்தார். விரலால் தடவினார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தட்டு ஒழுகல. கைதான் ஆடுது."

"பயமுங்க."

"எனக்கும் ஒவ்வொரு பந்திக்கும் இப்படித்தான். இலைக்குப் பக்கத்துல போகவே மாட்டேன்." தட்டை வாங்கிக் கீழே வைத்தார். "ஆவணி முகூர்த்தம் பூராவும் எனக்குத் தட்டு வேணும். உங்க மெஷின் நிக்காம ஓடுமா?"

வாணி பிள்ளையைப் பார்த்தாள்.

"ஓடுமுங்க."

அவர் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனார். அவர் உள்ளே நின்றதைப் பார்த்த இரண்டு பேர் வழியில் கால் வைத்து எட்டிப் பார்த்தார்கள்.

வாணி பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். கையில் இருந்த நீலப் பொடி பிள்ளையின் சட்டையெல்லாம் ஒட்டியது.

"நசீமா, எனக்கு இன்னும் பயம் போகலையே."

"போகாதுக்கா."

"அப்ப அதை என்ன பண்றது?"

நசீமா தடுப்புத் துணியைத் தூக்கினாள். என்ன நினைத்தாளோ, விட்டுவிட்டு வாசல் பக்கமாக நடந்தாள். மயில் இருந்த இடத்தில் நின்று திரும்பினாள்.

"உள்ள ஒரு சேர் போட்டு உக்கார வைங்க. வாசல்ல மட்டும் நிக்க விடாதீங்க."